பெட்டி இல்லாத விமானங்கள்

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 மாலை கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விமானத்தோடு விழுந்து இறந்தார். அது 'லாங்-ஈஇசட்' ரகம். பர்ட் ருட்டான் வரைந்த வடிவத்தைப் பார்த்து ஒருவர் தம் கையால் கட்டிய இரண்டு இருக்கை விமானம். டென்வர் அதில் பழகிப் பார்த்தது முந்தின நாள், அரை மணி நேரம் போல.

விமானக் கருவிகளோடு வேலை பார்த்தவன் என்பதால் அந்த விசாரணை அறிக்கையை இன்றும் எடுத்துப் படிப்பேன். கறுப்புப் பெட்டி கிடையாது. சட்டமும் கேட்கவில்லை. கையில் இருந்தவை, பார்த்த இருபது பேரின் வாய்மொழியும் கடலில் எடுத்த உடைசலும்தான். ஆனாலும் எவ்வளவு பொறுமையாகத் தேடியிருக்கிறார்கள்! ருட்டானின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்தத் தொட்டி என்ற குறிப்பும் இல்லை. அதைத் திருப்ப உடம்பை முறுக்கினால், ஊன்றிக்கொள்ள வலது கால் தானாகவே சுக்கான் மிதியை அழுத்தும். விசாரித்தவர்கள் இதைச் செய்து பார்த்தே கண்டார்கள். அப்படித்தான் கட்டுப்பாடு போயிருக்கும் என்று 1999இல் முடிவு சொன்னார்கள்.

கறுப்புப் பெட்டியின் கதை மெல்போர்னில் தொடங்குகிறது. 1950களில் காமெட் ஜெட் விமானங்கள் விழுந்த காரணத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த டேவிட் வாரன், எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவி அளவுகளையும் பதியும் கருவியைச் செய்தார். 1934இல் விமான விபத்தில் தந்தையைப் பறிகொடுத்தவர் அவர். பெரிய விமானங்களுக்கு அது பிற்பாடு கட்டாயமானது. எடையும் விலையும் சிறியவற்றை அண்டவிடவில்லை.

உண்மையில் அங்கேதான் அது அதிகம் வேண்டும். போயிங் ஒன்று விழுந்தால் அதே அச்சில் வார்த்த மற்றவற்றைத் திருத்தலாம். கையால் கட்டியதற்கோ இரட்டைப் பிறவி கிடையாது. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவை அந்நாட்டின் பொதுப் பறப்பு விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதம். 2011இன் உயிர்ப்பலி விபத்துகளிலோ 21 சதவீதம்.

இப்போது வேகம், உயரம், எஞ்சின் வெப்பம் காட்டும் மின்னணுத் திரைகளே அவற்றைத் தம் நினைவகத்தில் பதிந்துவைக்கின்றன. நெருப்புக்கும் நீருக்கும் தாங்கும் கவசம் அவற்றுக்கு இல்லை. இருந்தும் பல விசாரணைகளுக்கு உதவியிருக்கின்றன. சோதனைப் பறப்பிலேயே இந்தப் பதிவைப் பயன்படுத்தச் சொல்கிறது அந்த ஆய்வு. நான் இன்னும் ஒரு படி கேட்பேன்: விமானத்தை விற்கும்போது அந்தப் பதிவையும் கைமாற்ற வேண்டும். தொட்டி மாற்றும்போதெல்லாம் மூக்கு வலப்பக்கம் போயிருந்தால், புதிதாக வாங்குபவர் ஏறி உட்காரும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.