நஞ்சாய்வு: விழுப்புரம் வட்டார மரண விசாரணைகளில்

இறந்தவரின் உடலில் நஞ்சு இருந்ததா, எந்த நஞ்சு, எவ்வளவு, உயிரைப் பறித்தது அதுதானா என்று வேதியியல் வழியில் கண்டறியும் தடய அறிவியல் பிரிவு நஞ்சாய்வு. மேல்மலையனூர் போன்ற இவ்வட்டார விவசாய ஊர்களில் பூச்சிமருந்து இல்லாத வீடு குறைவு. அங்கே ஒருவர் வாந்தியெடுத்து மயங்கி இறந்தால் அது நோயா, தற்கொலையா, கொலையா என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஐரோப்பாவில் இத்துறை பாஷாணம் எனும் ஆர்சனிக்கில் தொடங்கியது. ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட ஆர்சனிக் சோதனை, 1840இல் பிரான்சின் லஃபார்ஜ் நஞ்சுக்கொலை வழக்கில் பெயர்பெற்றது. தாவர நஞ்சை உறுப்புகளிலிருந்து பிரித்தெடுக்கும் வழியைப் பெல்ஜியத்தின் ஸ்டாஸ் கண்டது 1850இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1849இல், சென்னையில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் நிறுவப்பட்டுவிட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இயங்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வாரிசு. விழுப்புரத்திலும் இத்துறைக்கு வட்டார ஆய்வகம் உண்டு.

சந்தேக மரணம் என்றால் காவல்துறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் வழக்குப் பதிந்துவந்தது. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவில் பதிகிறது. பிரேதப் பரிசோதனையின்போது இரைப்பையும் அதிலுள்ளவையும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம், இரத்தம் ஆகியவை எடுக்கப்படுகின்றன. உறுப்புகள் அகன்ற வாய்ப் புட்டிகளில் செறிந்த உப்புக் கரைசலில் இடப்படும். அழுகலில் கிளம்பும் வாயு மூடியைத் தள்ளிவிடாதபடி புட்டியின் மேல்பகுதியைக் காலியாக விடுவார்கள். குடித்து இறந்தவர் என்ற ஐயம் இருந்தால் ஆல்கஹால் கலந்த பதப்படுத்தியைத் தொடவே கூடாது. இரத்தத்தில் சோடியம் புளூரைடு சேர்ப்பார்கள். இல்லையேல் நுண்ணுயிரிகள் புட்டிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடும். அரக்கு முத்திரையும் அதன் மாதிரிப் பதிவும் உடன் செல்லும். இந்தக் கட்டத்தில் நேரும் கவனக்குறைவை எந்த நவீனக் கருவியாலும் பின்னர் சரிசெய்ய இயலாது.

அறிக்கையில் ‘நஞ்சு காணப்படவில்லை’ என்று வந்தால் விசாரணை முடிந்தது என்றும் பொருளல்ல. 1956இல் பூனாவிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் அழைத்துச் செல்லப்பட்ட வசதியான விதவை ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். உடலில் நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை. ஆனாலும் உடன் சென்ற மருத்துவரின் நடத்தையையும் சூழ்நிலைச் சாட்சியங்களையும் கொண்டு, அனந்த் சிந்தாமன் லாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் தண்டனையை உறுதி செய்தது.

இவ்வட்டாரத்தில் நஞ்சாய்வின் தேவையைக் கொடுமையாக உணர்த்தியது 2023 மே மாதம். மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால் என்று ஆய்வில் தெரிந்ததாகக் காவல்துறை அறிவித்தது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் இரவு நன்றாகத் தூங்கி மறுநாள் கண் மங்கி, மூச்சு வாங்கி வந்து நிற்கிறார். அதற்குள் அதே சரக்கை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள்.

ஓராண்டு கழித்து, 2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தை மையமாகக் கொண்டு மீண்டும் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதல் மரணங்களுக்குச் சாராயம் காரணமல்ல என்றே மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் கூறியது. ஆய்வுக்கு முன்பே காரணத்தை அறிவிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நஞ்சு இன்னதென்று சில மணி நேரத்தில் தெரிந்தால், மாற்று மருந்தான ஃபோமெபிசோல் கொடுத்தும் டயாலிசிஸ் செய்தும் மற்றவர்களைக் காப்பாற்ற வழியுண்டு.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. குற்றமா இல்லையா என்றே தெளிவாகாத சந்தேக மரணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நஞ்சாய்வு மிகுதியாகத் தேவைப்படுவதோ அங்கேதான்.