காற்றை வாங்கிய கிண்ணங்கள்

வலிக்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதனுள் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, தோலையும் அதன் அடியிலுள்ள தசையையும் மேலே இழுக்கும் சிகிச்சை இன்று ‘கப்பிங்’ என்றும், அரபு வழியில் ‘ஹிஜாமா’ என்றும் அறியப்படுகிறது. இதில் தோலைக் கீறாமல் உறிஞ்சுவது உலர்முறை. கீறிக் குருதியை வெளியேற்றுவது குருதிமுறை. இவ்விரண்டும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டாலும், வரலாற்றில் இவற்றுக்கு நேர்ந்த கதி வெவ்வேறானது.

கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவநூல் எழுதிய செல்சஸ் இருவகைக் கிண்ணங்களை விவரிக்கிறார். வெண்கலக் கிண்ணத்தினுள் எரியும் திரியை இட்டு உடலின்மீது அழுத்தினால் அது பற்றிக்கொள்ளும். கொம்பாலானதற்கு நுனியில் சிறு துளை உண்டு, அதன் வழியே வாயால் உறிஞ்சிய கையோடு துளையை மெழுகால் அடைத்துவிடுவர். தோல் கீறப்பட்டிருந்தால் குருதியும், கீறப்படாதிருந்தால் காற்றும் வெளிப்படும் என்பது அவர் கருத்து. வெண்கலக் கிண்ணங்கள் பொம்பெயி நகரின் இடிபாடுகளிலும் கிடைத்துள்ளன.

வலியைக் காற்றோடு சேர்த்துப் பார்த்த எண்ணம் இந்திய மருத்துவத்துக்கும் புதிதன்று. வாதத்தால் கெட்ட குருதியை வாங்கக் கொம்பையும், பித்தத்துக்கு அட்டையையும், கபத்துக்குச் சுரைக்குடுக்கையையும் சுசுருத சம்ஹிதை வகுத்துரைக்கிறது. சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளில் உறிஞ்சலும் குருதி வாங்கலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இடுப்பிலும் முதுகிலும் திடீரெனப் பிடித்துக்கொள்ளும் வலியை வாய்வுப் பிடிப்பு என்றே தமிழர் இன்றும் சொல்கின்றனர்.

கிண்ணம் வைக்கும் தொழில் மிகுந்த நுட்பம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டனில்தான் எனலாம். நெடுங்காலம் குளியல் விடுதிப் பணியாளர்களின் கையில் இருந்த இவ்வேலையை முழுநேரத் தொழிலாகக் கொண்டோர் அங்கு உருவாகி, தம் கைப்பழக்கத்தை நூலாகவும் எழுதிவைத்தனர். தாமஸ் மேப்பிள்சனின் நூல் 1813இலும், சாமுவேல் பேஃபீல்டின் நூல் 1823இலும், கைஸ் மருத்துவமனையில் இப்பணி செய்த மான்சன் ஹில்ஸின் நூல் 1832இலும் வெளிவந்தன. அவர்களது பெட்டியில் கண்ணாடிக் கிண்ணங்களும், சாராய விளக்கும், கீறுகருவி எனத்தக்க ஒரு பித்தளைப் பேழையும் இருந்தன. அப்பேழையின் அடிப்பகுதியிலுள்ள பிளவுகளுக்குள் பல சிறு கத்திகள் மறைந்திருக்கும். வில்லை முறுக்கிவைத்துத் தோலின்மீது பொருத்தி விசையை அழுத்தியதும், அவை ஒருசேர அரைவட்டமாகச் சுழன்று கீறிவிட்டு மீண்டும் உள்ளே சென்றுவிடும். கீறலின் ஆழத்தைத் திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். சுடரைக் கிண்ணத்துக்குள் கணநேரம் காட்டி, உள்ளே விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதற்குள் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். சற்றே தாமதித்தால் பிடிக்காது, மிகுதியாகச் சூடேற்றினால் விளிம்பு தோலைச் சுட்டுவிடும். மருத்துவப் பட்டம் எதுவும் தராத இந்தக் கைத்திறனை அவர்கள் எழுத்தில் பதிந்துவைத்தது போற்றத்தக்கது.

பாரிஸில் மருத்துவர் பியேர் லூயி நோயாளிகளை எண்ணி ஒப்பிட்டு, குருதி வாங்குவதால் நிமோனியாவில் விளையும் பயன் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று 1835இல் காட்டிய பின், குருதிமுறை மெல்லமெல்ல மதிப்பிழந்தது. ஆயினும் அது உடனே மறைந்துவிடவில்லை: 1929இல் பாரிஸின் பொது மருத்துவமனை ஒன்றில் தமக்கு முன்னிருந்தவருக்குப் பயன்படுத்திய கண்ணாடிகளைக் கழுவாமலே தம் முதுகிலும் வைத்துக் குருதி எடுத்ததை ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் வெளியான கட்டுரையில் பதிவுசெய்துள்ளார். உலர்முறையோ மருத்துவமனையை நம்பி நிற்கவில்லை. போலந்திலும் ரஷ்யாவிலும் கிரேக்கத்திலும் அது சளிக்கும் முதுகுவலிக்கும் வீட்டில் செய்யும் கைவைத்தியமாக நிலைத்தது. சீனாவில் கொம்புக்குப் பதிலாக மூங்கில் குழாயும், பின்னர் கண்ணாடியும் வந்தன.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகள், இம்முறையை மறந்திருந்த நாடுகளுக்கும் அதை நினைவூட்டின. நுண்குழாய்கள் வெடித்துத் தோலடியில் கசிந்த குருதியே அத்தழும்பு. உடலிலிருந்து நஞ்சு வெளியேறியதற்கு அது சான்றன்று. முதுகு, கழுத்து வலிகளில் குறுகியகால ஆறுதல் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், கிண்ணம் தோலை இழுக்கிறதா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க இயலாமையால், அந்த ஆறுதலில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு, இழுவையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது ஆய்வாளர்களுக்குக் கடினமாகவே இருந்துவருகிறது.