கருவிக்கு முன்னால் காகித உறை

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி விரைவு டி.என்.ஏ. கருவிக்குள் செருகினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் டி.என்.ஏ. விவரம் கிடைத்துவிடும். கைதானவர்களைக் காவல் நிலையத்திலேயே இப்படிச் சோதிக்க அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் 2018-இல் காட்டுத்தீயில் அழிந்தபோது, கருகிய உடல்களை உறவினர்களின் மாதிரியோடு ஒப்பிட்டு அடையாளம் காணவும் இது கைகொடுத்தது. கோவை மாவட்டத்தில் தறிச் சத்தம் ஓயாத சோமனூர்ப் பக்கத்துக் காவல் பணிக்கு இக்கருவி எதைத் தரும்?

விடை தேனியில் தொடங்குகிறது. சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் நடந்த இரட்டைக் கொலையில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டி.என்.ஏ. அறிக்கை அவருக்கு எதிராகவே இருந்தது. ஆனால் மாதிரிகள் எங்கே, யார் பொறுப்பில் இருந்தன, ஆய்வகம் போய்ச்சேர ஏன் தாமதம் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. இந்தக் குறையை எந்த விரைவுக் கருவியும் சரிசெய்யாது.

தறிக்குடோனில் ரத்தம் பட்ட காடாத் துணியை எண்ணிப் பாருங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் கிருமிகள் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட்டு முத்திரையிட வேண்டும். வழக்கின் பலம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கருவிக்கும் எல்லை உண்டு. ஒரே ஆளின் உமிழ்நீரை அது நன்றாகப் படிக்கும். பலருடைய தடயம் கலந்திருந்தால் திணறும். கோவை துடியலூரில் 2019-இல் நடந்த சிறுமி கொலை வழக்கில், தண்டனை பெற்றவர் தவிர இன்னொருவரின் தடயமும் இருப்பதாக ஆய்வறிக்கை காட்டியது. அத்தகைய மாதிரி நிபுணரின் மேசைக்கே போக வேண்டும். கொஞ்சமாகக் கிடைத்த தடயத்தைக் கருவியில் செலவழித்துவிட்டால் மறுசோதனைக்கு எதுவும் மிஞ்சாது.

யாரிடம் மாதிரி எடுப்பது என்பது இன்னும் கனமான கேள்வி. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்ட பட்டியல் சமூகத்தினரிடமே ரத்தம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. சோமனூரில் திருட்டு நடந்தால் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர் பக்கமே முதலில் விரல் நீளும். மொழி தெரியாதவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. டி.என்.ஏ. ஒழுங்குமுறை மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. 2022-ஆம் ஆண்டு அடையாளச் சட்டமோ உயிரியல் மாதிரி எடுக்கவும் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடம் தருகிறது. பாதுகாப்பு விதி இல்லாத இடத்தில் வேகம் ஆபத்தானது.

இக்கருவி முதலில் பயன்பட வேண்டியது பெயர் தெரியாத பிணங்களுக்கு. தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கும் வெளிமாநிலத்தவரின் உடலை, ஊரிலிருந்து ஓடிவரும் தாயிடமோ பிள்ளையிடமோ அன்றைக்கே சேர்க்க அது உதவும். அதற்காக மேற்கு மாவட்டங்களுக்கு ஒரு கருவியைக் கோவையில் உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் அரசு வைக்கட்டும். காவல் நிலையங்களுக்குக் காகித உறையும் பதிவேடும் பயிற்சி பெற்ற ஆளும் இந்த ஆண்டே போய்ச்சேர வேண்டும்.