நாசில் பெரிதானால் வேகம் கூடுமா?

சேலத்திலிருந்து கிழக்கே வரும் நெடுஞ்சாலை ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று ஊர் ஊராகத் தொட்டு, எலவனாசூர்கோட்டையைக் கடந்து, உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி சாலையோடு சேர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் எலவனாசூரும் தியாகதுருகமும் கைமாறிக் கைமாறி நின்ற கோட்டைகள். பீரங்கி வண்டிகள் போன வட்டாரத்தில் பிறகு லாரிகள் ஓடின. சாலையின் எண் 68-லிருந்து 79 ஆனது, ஓட்டம் நிற்கவில்லை. இப்படிப்பட்ட சாலைகளின் ஓரத்தில் வளர்ந்த தொழில்களில், வரலாறு எழுதுபவர்கள் கண்ணில் படாமலே போன ஒன்று டீசல் பம்ப்–நாசில் பட்டறை. இன்று பெட்ரோல் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு வேர் அந்தப் பட்டறையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ‘இன்ஜெக்டரைப் பெரிசா மாத்தினா பிக்-அப் ஏறுமா?’ என்பதுதான் அந்தக் கேள்வி. டர்போ இல்லாமல் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பெட்ரோல் எஞ்சினில் ஏறாது. ஆனால் ஏறும் என்ற நம்பிக்கை மூடத்தனத்தில் பிறந்ததல்ல. வேறொரு எஞ்சினில் கண்கூடாகப் பார்த்த உண்மை இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த வேறொரு எஞ்சின் டீசல். 1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1951-இல் பெங்களூரில் பாஷ் நிறுவனத்தின் கூட்டோடு மைக்கோ வந்தது. டீசல் பம்ப்பும் நாசிலும் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கின. அந்தக் காலத்து லாரி எஞ்சின்களில் டர்போ கிடையாது. டீசல் எஞ்சினின் இயல்பு என்னவென்றால், காற்றை மறிக்கும் தட்டு அதில் இல்லை. ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டர் கொள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வந்துவிடும். ஓட்டுநர் காலால் கூட்டுவதும் குறைப்பதும் டீசலை மட்டுமே. புகை கக்காமல் இருக்க, இருக்கும் காற்றுக்கு எரியக்கூடியதை விடக் குறைவான டீசலைத்தான் கம்பெனி அளந்து வைத்திருக்கும். பம்ப்பின் உச்ச அளவைக் கட்டும் திருகுக்குக் கம்பி போட்டு முத்திரை வைத்திருப்பதும் அதற்காகவே. அந்த முத்திரையை உடைத்துத் திருகை நகர்த்தினால், அல்லது அதிகம் பாய்ச்சும் நாசிலைப் போட்டால், வண்டி நிஜமாகவே கூடுதலாக இழுக்கும். கூடவே புகையும் கருக்கும், எஞ்சின் சூடாகும், பிஸ்டனின் ஆயுளும் குறையும். சரக்கோடு மேடு ஏற வேண்டிய லாரிக்காரருக்கு அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் டீசல் புகைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு வைத்ததே, இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு மறைமுகச் சாட்சி. ஆக, ‘எண்ணெய் கூடினால் இழுவை கூடும்’ என்பது நெடுஞ்சாலையோரத் தொழிலாளி தன் கையால் சோதித்துக் கண்ட விதி. அதைத் தவறு என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பெட்ரோல் எஞ்சினின் கதை நேர் எதிர். அதில் ஓட்டுநர் காலால் திறப்பது காற்றின் வழியை. அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலை எஞ்சின் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் காலம் முழுக்க இந்த வேலையைச் செய்தது ஒரு சிறு பித்தளைத் துளை, அதாவது ஜெட். காற்று ஒரு குறுகலான கழுத்தின் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, ஜெட்டின் வழியே பெட்ரோல் மேலே உறிஞ்சப்படும். அளப்பது காற்றுதான், ஜெட் அதற்குக் கட்டுப்பட்டது. இதை நம் நாட்டுப் பட்டறைகள் அறியாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது மரக்கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் ‘கேஸ் பிளாண்ட்’டை டி.வி.எஸ். நிறுவனம் மதுரையில் தயாரித்தது. கரி வாயுவில் பஸ்கள் திணறிக்கொண்டு போனதற்கு ஒரு பெரிய காரணம், சிலிண்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தை வாயுவே அடைத்துக்கொண்டதுதான். எரிபொருள் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை, காற்றுக்கு இடம் வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுச் சாலைகள் அப்போதே கற்றுக்கொண்டன. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும், பின்னர் 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பந்தயத்துக்கு வண்டி தயாரித்தவர்களின் முறையும் இதுவே. முதலில் சிலிண்டர் ஹெட்டின் துவாரங்களைத் தேய்த்து அகலமாக்குவார்கள், கேம் மாற்றுவார்கள், அமுக்கத்தைக் கூட்டுவார்கள். அதிகக் காற்றுக்கு வழி பிறந்த பிறகே பெரிய ஜெட். வரிசையில் கடைசியாக வந்த அந்த ஜெட்டை மட்டும் பார்த்தவர்கள், வேகம் ஜெட்டில் இருந்ததாக எண்ணிக்கொண்டார்கள்.

இன்ஜெக்டர் இந்தியப் பெட்ரோல் கார்களுக்குப் பரவலாக வந்தது வேக ஆசையால் அல்ல, நீதிமன்ற உத்தரவால். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் தன் 1600 காரில் பாஷின் மின்னணு இன்ஜெக்ஷனைப் பொருத்தி அமெரிக்காவுக்கு அனுப்பியதும் புகைச் சட்டங்களுக்காகத்தான். இங்கே 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கப்பட்டது; ‘எம்.பி.எஃப்.ஐ’ என்ற நான்கு எழுத்து அந்தக் காலத்தில் கார்களின் பின்புறத்தில் ஏறியது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை முன்கூட்டியே கொண்டுவந்த பின் மாருதி 800 உட்படப் பலவும் கார்புரேட்டரைக் கைவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மோட்டார் சைக்கிளிலும் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்தது. இந்த இருபது ஆண்டுகளில் ஜெட் செட் பண்ணும் கை வேலை போய் ஸ்கேனர் வந்தது. சொல் மட்டும் மாறவில்லை. பம்ப்–நாசில் பட்டறையில் புழங்கிய ‘நாசில்’, ‘இன்ஜெக்டர்’ என்ற சொற்களே பெட்ரோல் காருக்கும் வந்து சேர்ந்தன. சொல்லோடு சேர்ந்து பழைய விதியும் வந்துவிட்டது என்பதுதான் நான் சொல்ல வருவது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1200 சி.சி., நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று நல்ல நிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராம். முழு வேகத்தில் நல்ல சக்தி தரும் கலவை, ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று பங்கு காற்று. அப்படியானால் அந்தக் காற்றுக்குத் தேவைப்படும் பெட்ரோல் சுமார் 27 மில்லிகிராம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் 3000 முறை எரிகிறது. ஆக ஒரு இன்ஜெக்டர் தர வேண்டியது நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 மில்லி. 140 மில்லி பாயும் இன்ஜெக்டர் ஐந்தில் நான்கு பங்கு நேரம் திறந்திருந்தாலே போதும். அதை 280 மில்லியாக மாற்றினால் எஞ்சினுக்குள் வரும் காற்று ஒரு துளியும் கூடப்போவதில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதிகப் பெட்ரோலைக் கண்டுபிடித்து, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கட்டுப்பாட்டுக் கணினி மூலம் வெட்டிவிடும். சென்சாரின் பேச்சு எடுபடாத முழு மிதியில் கலவை வெள்ளமாகி, சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்படும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பழுக்கும். ஐட்லிங்கில் இன்னொரு சிக்கல். இரண்டு மில்லிசெகண்டு திறக்க வேண்டிய வால்வு ஒரு மில்லிசெகண்டில் மூட வேண்டியிருக்கும். திறப்பதிலும் மூடுவதிலுமே அந்த நேரம் போய்விடுவதால் அளவு நிலைக்காது, வண்டி நின்ற இடத்தில் விம்மி விம்மி அடங்கும். இதை ‘ரேஸிங் சத்தம்’ என்று ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, வலுவானவையும் உண்டு. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். டர்போ இல்லாமலே இன்ஜெக்ஷனால் 215 குதிரைத்திறன் பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்புரேட்டர் பந்தய வண்டி அதை எட்டவில்லை. இது என் வாதத்தை உடைப்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே நடந்தது, கார்புரேட்டரின் குறுகிய கழுத்து நீங்கியதும், காற்று தங்கு தடையின்றிப் போக நீண்ட குழாய்கள் அமைந்ததும். இன்ஜெக்டர் அங்கே செய்தது காற்றுக்கு வழிவிட்டதுதான். ‘மாற்றிய மறுநாளே வித்தியாசம் தெரிந்தது’ என்ற அனுபவச் சாட்சியையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய இன்ஜெக்டரின் துளைகளில் கசடு படிந்து, பொடித்தூறலாக விழ வேண்டியது சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். புதியதைப் போட்டதும் வண்டி இழந்ததைத் திரும்பப் பெறுகிறது. பழைய அளவிலேயே புதிது போட்டிருந்தாலும், மீயொலியில் கழுவிக் கொடுத்திருந்தாலும் அதே பலன்தான். மூன்றாவது வாதம்தான் நியாயமானது: கேம் மாற்றி, ஹெட் வேலை செய்து, சுற்றை 8000-க்கு உயர்த்திய எஞ்சினுக்குப் பழைய இன்ஜெக்டர் போதாது. உண்மை. அது காற்றின் பின்னால் போகும் செலவு. பொதுச் சாலையில் ஓடும் காருக்கு அந்த மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதும் இல்லை.

இருந்தும், காற்று கூடாமலே இன்ஜெக்டர் பெரிதாக வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது இந்த வட்டாரத்து வயலிலிருந்தே கிளம்புகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் கரும்பும் மக்காச்சோளமும் பெருவாரியாக விளைகின்றன. இரண்டுமே இன்று எத்தனாலின் மூலப்பொருள்கள். எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலக்க இந்தியாவில் 1948-லேயே ஒரு சட்டம் வந்தது. 2003-இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கி, மறு ஆண்டே கரும்புத் தட்டுப்பாட்டில் தள்ளாடியது. 2022-இல் 10 சதவீதம் எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும்: பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு, எத்தனாலுக்கு ஒன்பது. அதே காற்றுக்கு எத்தனால் கூடுதலாகத் தேவை என்று இதைத் திருப்பிப் படிக்க வேண்டும். 20 சதவீதக் கலப்பில் அந்தக் கூடுதல் சுமார் 8 சதவீதம். கணினி இன்ஜெக்டரைச் சற்று அதிக நேரம் திறந்து சமாளித்துவிடும். மைலேஜ் குறைகிறதே என்ற புலம்பலின் ஒரு பகுதிக்கு விடையும் இங்கேயே இருக்கிறது.

தூய எத்தனால் என்று வந்தால் நிலைமை வேறு. அளவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாய வேண்டும். மேலே பார்த்த 110 மில்லி 165-ஐத் தாண்டும், 140 மில்லி இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே கிடந்தாலும் பற்றாது. 1979-இல் பிரேசிலில் எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தபோது, அது கார்புரேட்டர் வண்டி என்பதால், ஜெட்டைப் பெரிதாக்கினார்கள். எத்தனால் எளிதில் தட்டாது என்பதைப் பயன்படுத்தி அமுக்க விகிதத்தையும் ஏற்றினார்கள். சக்தி கூடியது அமுக்கத்தால். பெரிய ஜெட் அதற்குச் சோறு போட்டது, அவ்வளவே. 2003-இல் அங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் எந்த விகிதக் கலவையையும் ஏற்றுக்கொண்டது என்றால், அதன் இன்ஜெக்டர் தொடக்கத்திலேயே எத்தனாலின் பசிக்கு அளவெடுத்தது என்று பொருள். அப்படிப்பட்ட கார்கள் இங்கே மாதிரிகளாகக் காட்டப்பட்டுவிட்டன. அவை எலவனாசூர்கோட்டை வழியே ஓடும் நாளில், கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காரின் இன்ஜெக்டர் இன்றையதை விடப் பெரிதாகத்தான் இருக்கும். அதன் பிக்-அப்பைத் தீர்மானிப்பது அப்போதும் எஞ்சின் இழுக்கும் காற்றாகத்தான் இருக்கும்.