புது கன்சோலுக்கு புது சண்டை கேமா... பழைய கேமின் போர்ட்டா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

திண்டுக்கல்லில் இருந்து நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்க நினைக்கிறவங்களுக்கு முதல் சிக்கல், அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக கன்சோல் விற்பதில்லை. இறக்குமதியாகி வரும் மெஷினைத்தான் வாங்கணும். இவ்வளவு செலவு பண்ணிட்டு, அதில் புது ஸ்மாஷ் பிரதர்ஸ் கிடைக்குமா, பழசையே மறுபடி வாங்கணுமா என்பது அடுத்த கேள்வி.

சீக்குவல், போர்ட்: என்ன வித்தியாசம்?

நேத்து போட்ட பிரியாணியை வேற பாத்திரத்துக்கு மாத்தினா அது போர்ட். புதுசா அரிசி களைஞ்சு, மறுபடி தம் போட்டா அது சீக்குவல். மூணாவதாக ஒன்று உண்டு. பழைய கார்டை புது மெஷினில் போட்டாலே ஓடுவது. அதற்கு மறுபடி காசு தேவையில்லை.

ஸ்மாஷ் வரலாறு என்ன சொல்கிறது?

1999-ல் நிண்டெண்டோ 64, 2001-ல் கேம்க்யூப், 2008-ல் வீ, 2014-ல் வீ யூ மற்றும் 3டிஎஸ், 2018 டிசம்பர் 7-ல் ஸ்விட்ச். ஒவ்வொரு தலைமுறைக்கும் தனி ஸ்மாஷ் வந்திருக்கிறது. முந்தைய கன்சோலின் ஸ்மாஷை அப்படியே எடுத்து அடுத்ததில் விற்றதில்லை.

போர்ட் எப்போது லாபம்?

2014-ல் வீ யூ-வில் வந்த மரியோ கார்ட் 8, 2017-ல் ஸ்விட்ச்சுக்கு போர்ட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. காரணம் ரெண்டு. வீ யூ உலகம் முழுக்க 1.4 கோடிகூட விற்கவில்லை. பலர் அந்த கேமைப் பார்த்ததே இல்லை. வீ யூ டிஸ்க் ஸ்விட்ச்சில் ஓடவும் ஓடாது.

ஸ்விட்ச் 2-ல் ரெண்டுமே தலைகீழ். பழைய ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்றது. ஸ்மாஷ் அல்டிமேட் ஸ்விட்ச் 2-லும் ஓடுகிறது. அதனால் வெறும் போர்ட்டுக்கு வேலை குறைவு. சீக்குவலுக்கே காரணம் அதிகம்.

அப்போ ஏன் தாமதம்?

2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது புது ஸ்மாஷ் கூட வரவில்லை. இந்தத் தொடரின் இயக்குநர் மசாஹிரோ சகுராய், அதே ஆண்டு நவம்பரில் வெளியான கிர்பி ஏர் ரைடர்ஸ் கேமை இயக்கினார். அல்டிமேட்டில் 80-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். சோனிக், ரியூ, பேக்-மேன் என பிற நிறுவனங்களின் பாத்திரங்களுக்கு ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கணும்.

போர்ட்டும் வந்திருக்கு!

2023-ல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டருக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, ஸ்விட்ச் 2 வெளியான நாளிலேயே அதற்கும் போர்ட்டாக வந்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மறுபடி வாங்க அவசியமில்லை. வேறு கன்சோலில் இருக்கும் நண்பர்களோடும் ஆன்லைனில் மோதலாம்.

வாங்கும் முன் கவனிக்க:

* ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கடைப் பெட்டியில் இருப்பது 'கேம்-கீ கார்டு'. அதற்குள் முழு கேம் இருக்காது; டவுன்லோடு செய்யணும். தினசரி 2 ஜிபி டேட்டா பேக்கை நம்பி வாங்காதீங்க.
* பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் ஸ்விட்ச் 2 கேமை வைக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு தேவை.
* விலை குறைவாகச் சொன்னால், ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலா என்று கேளுங்க. அதில் தமிழ் மட்டுமல்ல, ஆங்கில மெனுவும் வராது.
* ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு என்பதை கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்க.

ஸ்மாஷுக்காக மட்டும்தான் ஸ்விட்ச் 2 என்றால், புது ஸ்மாஷ் கடைக்கு வரும் வரை பொறுக்கலாம். அதுவரை பழைய ஸ்விட்ச்சே போதும்.