ரைபோசோம்

பெயர்ச்சொல். உயிரணுவில் புரதம் கட்டும் நுண்துகள். 1958இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் முன்மொழிந்த பெயர். 'ரைபோ' ரைபோஸ் என்னும் சர்க்கரையைக் குறிக்கும். 'சோமா' கிரேக்கத்தில் உடல். ரைபோஸ் என்பதோ, அரபிக் கோந்தால் பெயர்பெற்ற அரபினோஸின் எழுத்துகளை மாற்றியடுக்கி 1891இல் பிறந்த சொல்.

இந்தச் சர்க்கரை கோத்த ஆர்.என்.ஏ. இழைதான் ரைபோசோமின் உயிர்நாடி. ஈ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோமில் உள்ள 16எஸ் என்னும் ஆர்.என்.ஏ. இழையில் 1542 எழுத்துகள், அதாவது நியூக்ளியோடைடுகள். அதன் மடிப்புகளை உயிர்வேதியியலாளர் ஹாரி நோலரின் குழு வேதிப்பொருள்களால் துழாவியது. மடிப்பில் வேறோர் எழுத்தோடு இணைசேராத அடினின், சைட்டோசின் எழுத்துகளை டைமெத்தில் சல்ஃபேட் தாக்கும். குவானினைக் கெதாக்ஸால் பிடிக்கும். இணைசேர்ந்தவை பெரும்பாலும் தப்பும். இழையை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் நொதி, தாக்குண்ட எழுத்துக்கு ஓரெழுத்து முன்பே நின்றுவிடும். நகல் நின்ற இடங்களைக் குறித்தால், இழையில் மடியாமல் திறந்து கிடக்கும் பகுதிகள் எழுத்தெழுத்தாகத் தெரியும். கண்ணுக்கெட்டாத மூலக்கூறைப் படிக்க இது அருமையான வழி.