நேற்றைக் கேட்காத மலை

வடக்கனந்தலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அதன் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தேன். ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது.

சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் அங்கே இருந்தன. 1947 மலையேறவில்லை. 1976இல்தான் அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. அது நெருக்கடி நிலைக் காலம். கீழே உரிமைகள் போயிருந்த வருஷத்தில் மேலே விடுதலை என்கிற முரண் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜாகீர் ஓர் உத்தரவில் முடிந்தது. உத்தரவு நாளையைப் பற்றியது. நேற்று நடந்ததை மலைக்காரன் வந்து சொல்ல அதில் இடமில்லை.

ஆட்சி மாறும்போது பழைய அநீதிக்குக் கணக்குப் பார்ப்பதை நிலைமாறுகால நீதி என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1996இல் அமர்வுகளைத் தொடங்கிய உண்மை ஆணையத்திடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் கொடுத்தார்கள். அங்கே அரசே ஆணையம் அமைத்துக் கேட்டது.

கேட்க யாரும் இல்லாத இடத்தில்?

கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலை, அடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கும் மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊரே சிறைக்குப் போனது. பின்னர் மந்திரிசபைகள் மாறின; துறைகள் மாறவில்லை. அந்தத் துறைகளின் ஆட்களையே அந்தப் பெண்கள் நேருக்கு நேர் நின்று அடையாளம் காட்டினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்ஸிஸ்ட் கட்சியும் உடன் நின்றன. கட்சி என்றாலே முகம் சுளிக்கும் நமது சிறுபத்திரிகை வழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் ஊருக்கே போய்ப் பார்த்தார். அதே செப்டம்பர் 29இல் மேல்முறையீடுகளைத் தள்ளினார்.

31 வருஷம். இதை வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கம். அடிபட்டவரே தன் காயத்தை ஆயுள் முழுக்க நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நீதியின் குறைதான். ஆனாலும் வாச்சாத்திக்கு இன்று ஒரு நேற்று இருக்கிறது. அதை எழுதியது அரசு அல்ல, அந்தப் பெண்கள்.

கல்வராயனில் 1976இல் இருபது வயதானவருக்கு இப்போது எழுபது. அவரிடம் கேட்க நீதிமன்றம் தேவையில்லை. மலை ஏறினால் போதும். அடிவாரத்தில் இருந்துகொண்டு நானும் இதுவரை ஏறவில்லை.